செவ்வாய்க்குப் போற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, செவ்வாய்க் கிரகத்துல குடியேறப் போறியாமே? போ ராசா, நல்லாயிரு. குளிக்கச் சொல்லி உங்க ஆத்தா அங்க வந்து கத்த மாட்டா. ஆனா சினிமாவுல காத்தடிச்சு ராக்கெட்டே சாயுறதைப் பாத்துட்டு வெலவெலத்துப் போய் உக்காந்திருக்க பாரு, அதான் எனக்குச் சிரிப்பாணியா வருது. நம்ம காத்தோட அழுத்தத்துல நூத்துல ஒரு பங்குகூட அங்க கிடையாது. மணிக்கு 100 கிலோமீட்டர்ல அடிச்சாலும் வேட்டி நுனி ஆடும், அம்புட்டுத்தான்.

அது தள்ளிவிடுற காத்து இல்லலே, மூடிவிடுற காத்து. மாவைவிடச் சன்னமான தூசியைத் தூக்கிக்கிட்டு அலையும். 1971-ல மரைனர் 9 விண்கலம் அம்புட்டுத் தூரம் போய்ப் பாத்தா, கிரகம் பூராவும் புழுதி. தெரிஞ்சது நாலு கரும்புள்ளி. புழுதி அடங்கின பிறகுதான் அதெல்லாம் எரிமலை உச்சின்னு விளங்குச்சு. அதே புழுதிக்குள்ள ரஷ்யாக்காரன் ரெண்டு கலத்தை இறக்கினான். ஒண்ணு மோதி நொறுங்குச்சு. இன்னொண்ணு இறங்கி ஒரு நிமிசங்கூடப் பேசலை.

அதுக்கும் முந்தி, தொலைநோக்கியில பாத்த மெத்தப் படிச்சவங்க, பருவத்துக்குப் பருவம் கறுப்புத் திட்டு மாறுதே, அங்க செடிகொடி இருக்குன்னாங்க. செடியும் இல்லை, கொடியும் இல்லை. கரும்பாறை மேல கிடந்த செம்புழுதியைக் காத்து கூட்டித் தள்ளுறதும் திரும்பக் கொண்டாந்து கொட்டுறதும்தான் அந்த வேடிக்கை.

அந்தக் காத்துக்கு ஆளு பாத்துத்தான் தயவு. 2005-ல ஸ்பிரிட் வண்டியோட சோலார் பலகையைச் சூறாவளி ஒண்ணு சும்மாவே துடைச்சு விட்டுட்டுப் போச்சு. 90 நாளுக்குன்னு போன ஆப்பர்ச்சூனிட்டி வண்டி, 2004-லேருந்து பதினாலு வருசத்துக்கு மேல ஓடுச்சு. 2018 ஜூன்ல வந்த புழுதி, வெயிலையே மறைச்சு அதைத் தூங்கவச்சது. அது எந்திரிக்கவே இல்லை. இன்சைட் கலத்துக்கு வந்த கதி இன்னும் பாவம். பலகையில தூசி ஏறிக்கிட்டே போச்சு, துடைக்க ஒரு சூறாவளியும் வரலை. கடைசியில அதோட கையாலேயே மண்ணை அள்ளி, பலகைக்குப் பக்கத்துல மெதுவா உதிர்க்க வச்சாங்க. காத்துல பறந்த பெருமணல் பலகையில குதிச்சு ஓடி, கொஞ்சம் தூசியை இழுத்துட்டுப் போச்சு. மண்ணைக் கொட்டி மண்ணைத் துடைக்கிற வித்தை! கொஞ்ச நாள் தாங்குச்சு. 2022 டிசம்பர்ல அதுவும் அடங்கிருச்சு.

க்யூரியாசிட்டி, பெர்சிவரன்ஸ் வண்டி ரெண்டும் வெயிலை நம்பாம புளுட்டோனியச் சூட்டுல ஓடுது. நீயும் அந்த மாதிரி ஏற்பாடு இருந்தா மட்டும் கிளம்பு. சோலார் பலகைதான் தருவோம்னு சொன்னா, கூடவே ஒரு வாரியலையும் கேட்டு வாங்கிக்கோ. இங்க வீட்டு முற்றத்தை ஒரு நாளாவது கூட்டியிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்.