லைட்டு எரியுது மாப்ளே, ஃபேன் சுத்துதா?

வா மாப்ளே, வா. திண்ணைல உக்காரு. காரை எதுக்கு அத்தனை தூரத்துல வேப்பமரத்தடில நிறுத்திட்டு வரே, வாசலுக்கே கொண்டாந்திருக்கலாமே? ஓ, இன்னும் நூறடி ஓட்டுனா முள்ளு செவப்புக்குப் போயிருமா? சரி, ஆறட்டும். நீ மோரைக் குடி.

அட, பானட்டை இப்பத் தொறக்காதே. தொறந்தாலும் ரேடியேட்டர் மூடியத் தொட்டுறாதே. அது உங்கம்மா ஊறுகாச் சாடி மூடி இல்லை. உள்ள 0.9 கிலோ அழுத்தத்தைப் புடிச்சு வெச்சிருக்குது. அதனாலதான் 100 டிகிரில கொதிக்க வேண்டிய தண்ணி 118 வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்குது. நீ மூடியத் திருகுன அடுத்த நொடி அத்தனை கோவமும் உன்ற மூஞ்சிலதான். பொண்ணு பாக்கற வயசு, மூஞ்சி வேணும்.

வால்பாறைக்குப் போனயாமே, ஒறம்பரை நாலு பேரை ஏத்திக்கிட்டு? 40 கொண்டை ஊசியில ஒம்பதாவதுலயே ஆவி கெளம்பிருச்சுன்னு உங்கம்மா போன்ல அழுதா. நான் சிரிச்சேன்னும் சொல்லியிருப்பாளே. பின்ன என்ன, ஒம்பதாவது வளைவுலதான் லோம்ஸ் வியூ இருக்குது. ஆழியாறு டேம் அங்கிருந்து அம்புட்டு அழகாத் தெரியும். உன்ற காரு நின்னாலும் எடம் பாத்துத்தான் நின்னிருக்குது. உனக்கில்லாத ரசனை அதுக்கு இருக்குது.

என்ன சொன்னே? மூணு சுவிட்சு மாத்திட்டியா? மொதல்ல கறுப்பு, அப்பறம் செவப்பு லைட்டு வெச்சது, இப்ப நீல லைட்டு வெச்சதா? பேஷ். சாமிக்கு மாலை மாத்தற மாதிரி மாத்தியிருக்கே. அடுத்தது சீரியல் செட்டுப் போட்டுரு. ஃபேன் சுத்தாட்டியும் மாரியம்மன் நோம்பிக்கு ஆகும்.

இல்லை மாப்ளே, எனக்கு ஒண்ணு சொல்லு. வாசல்ல கோலம் போட்டிருந்தா உள்ள சோறு வெந்திருச்சுன்னு அர்த்தமா? சுவிட்சுல லைட்டு எரியுதுன்னா சுவிட்சு வரைக்கும் கரண்டு வந்திருக்குது, அவ்வளவுதான் சேதி. அதுக்கு அக்கட்டால ரிலே, அதுக்கு அக்கட்டால ஒயரு, கனெக்டரு, மோட்டாரு, அப்பறம் திரும்பி வர்ற வழி. இத்தனையும் கெடக்குது. கோலத்தைப் பாத்துட்டு எலையைப் போட்டு உக்காந்துட்டே நீ.

உங்க தாத்தன் காலத்து அம்பாசடர்ல இந்தக் கெரகமே இல்லை. எஞ்சின் நேரா நிக்கும், மூக்குலயே ஃபேனு, பெல்ட்டு இழுத்துச் சுத்தும். எஞ்சின் ஓடுனா ஃபேன் ஓடும், சுவிட்சாவது மண்ணாவது. 1983ல மாருதி வந்தானே, அவன் எஞ்சினைக் குறுக்கால படுக்கப் போட்டுட்டான். எஞ்சினோட மூக்கு டயர் பக்கம் போயிருச்சு, ரேடியேட்டர் முன்னால நிக்குது. பெல்ட்டு எங்க எட்டும்? அதுனாலதான் ஃபேனுக்குத் தனி மோட்டாரு. தண்ணி 90 சொச்சம் டிகிரிக்குப் போனா ஒரு தெர்மோ சுவிட்சு தானாப் போடும், ஆறுனா தானா நிறுத்தும். நீயும் வேண்டாம், நானும் வேண்டாம். நல்ல ஏற்பாடு. உன்ற மாருதி எண்ணூறுல அந்தத் தெர்மோ சுவிட்சு எப்பவோ செத்துப் போச்சு. அதுக்குப் பதிலுக்கு எவனோ ஒரு மகராசன் டேஷ்போர்டுக்கடில ஒரு கைச்சுவிட்சை வெச்சுட்டுப் போயிட்டான்.

அவனைத் திட்டாதே. அன்னைக்கு என்ன அவசரமோ.

ரோட்டுல நல்லாத்தான ஓடுச்சுங்கறே. ஓடும், ஏன் ஓடாது? உடுமலை ரோட்டுல அறுபதுல போறப்ப எதுத்த காத்தே ரேடியேட்டரை ஆத்திப் போடும். அங்க ஃபேனுக்கு வேலையே கெடையாது, தூங்கும். மலை ஏறறப்ப ஒண்ணாவது கியரு, ஆள் நடக்கற வேகம். காத்து இல்லை, எஞ்சினுக்கு மூச்சு முட்டுது. அப்பத்தான் ஃபேனைக் கூப்புடுவே. ரோட்டுல போறப்பக் கொதிச்சிருந்தா நான் ஃபேனைச் சந்தேகப்பட மாட்டேன். தெர்மோஸ்டாட் வால்வோ, அடைச்சுக்கிட்ட ரேடியேட்டரோ, தண்ணி பம்போன்னு போயிருப்பேன். உன்ற காரு மலையிலயும் சிக்னல்லயும் மட்டுந்தான் அழுவுது. அப்ப ஃபேன் சங்கதிதான்.

சரி, ஆறிருச்சு. போயி பானட்டைத் தொற. நான் எதுக்கு? எனக்கு முட்டி வலி. இங்கிருந்தே சொல்றேன்.

சாவிய எடுத்துரு. ஃபேன் கனெக்டரைக் கழட்டு. பேட்டரியில இருந்து ரெண்டு ஒயர் இழுத்து மோட்டாருக்கு நேராக் குடு. கையை உள்ள விட்டுக்கிட்டுக் குடுக்காதே. உனக்குச் சொல்லோணும். சுத்துச்சா? சுத்துதுல்ல! அப்ப மோட்டாரு உசுரோட இருக்குது. நீ நேத்து மோட்டாரையும் மாத்தலாம்னு பாத்தயாமே, கடைக்காரன் புள்ளைக்குப் பள்ளிக்கூட பீசு கட்டற ஆசை உனக்கு எச்சாத்தான் இருக்குது.

இப்ப அந்தத் தினத்தந்தித் தாளை எடுத்து முன்னால கிரில்லுக்கு நேராப் புடி. தாளு உள்ள இழுத்து ஒட்டிக்கிச்சா? சரியான பக்கந்தான். தாளு உன்ற மூஞ்சிக்குப் பறந்து வந்தா பிளஸ்ஸு மைனஸ்ஸு மாறிக் கெடக்குதுன்னு அர்த்தம். டிசி மோட்டாரு, ஒயரை மாத்திக் குடுத்தா வஞ்சனை இல்லாமத் தலைகீழாச் சுத்தும். சத்தம் வரும், லைட்டு எரியும், வண்டி மட்டும் கொதிக்கும். அப்படி ஒருத்தன் ஒரு வருசம் ஓட்டுனான். எனக்குத் தெரியும். யாருன்னு கேக்காதே, பேரன் பேத்தி எடுத்துட்டாரு.

அடுத்தது ரிலே. பொள்ளாச்சில புதுசாப் போட்டதுன்னே, நல்லது. 30ல பேட்டரி கரண்டு ஃபியூஸ் வழியா வரோணும், 87ல இருந்து ஃபேனுக்குப் போகோணும். 85, 86 ரெண்டும் உள்ள இருக்கற காயிலுக்கு. நடுவுல 87ஏ-ன்னு ஒரு கால் இருக்கும், அது வம்பு புடிச்ச கால். அதுல ஒயரைச் சொருகுனா சுவிட்சை நிறுத்துனா ஃபேன் ஓடும், போட்டா நிக்கும். உன்னையாட்டவே, சொல்றதுக்கு எதிரா. சுவிட்சைப் போட்டா ‘டிக்’குங்குதா? அப்பக் காயில் வேலை செய்யுது. ‘டிக்’குன்னதும் கையத் தட்டாதே. உள்ள கான்டாக்ட் கருகிக் கெடந்தாலும் ‘டிக்’குன்னுதான் சொல்லும். ஃபேன் கனெக்டரைத் திரும்ப மாட்டிட்டு, 30க்கும் 87க்கும் ஒரு துண்டு ஒயரைக் குடுத்துப் பாரு. அப்பவும் ஃபேன் சுத்தலையா? அப்ப ரிலே மேல பழி இல்லை.

ரிலே எதுக்குன்னு கேட்டே பாரு, நல்ல கேள்வி, மூணாவது சுவிட்சு உருகறதுக்கு முன்னாலயே கேட்டிருக்கலாம். ஃபேன் 10 ஆம்பியர் குடிக்கும், கெளம்பறப்ப அதுக்கும் மேல. அம்புட்டும் உன்ற சீமைச் சுவிட்சு வழியாப் போனா, உள்ள பத்துல ஒரு ஓம் தடை இருந்தாலே 10 வாட்டு சூடு அந்தத் துளியூண்டு பிளாஸ்டிக்குக்குள்ள. ரிலே வெச்சா சுவிட்சு வழியாப் போறது கால் ஆம்பியர் கூட இல்லை. ஒடம்பு நோகாம நாட்டாமை பண்ணிக்கிட்டு இருக்கலாம்.

அதென்ன ஃபியூஸ் எடத்துல பளபளன்னு? சிகரெட் அட்டைத் தாளா? அடப் பாவி! 15 ஆம்பியர் ஃபியூஸ் ரெண்டு தடவை போச்சுன்னு தாளைச் சுத்திட்டியா? ஏன் போச்சுன்னு நான் சொல்றேன். நீ போட்ட லைட்டு வெச்ச சுவிட்சுல மூணு காலு. அதுல ஒரு கால் நிறம் வேற, பித்தளை நிறம். அது லைட்டோட எர்த்துக்கு. நீ லோடு ஒயரை எடுத்துக் கொண்டு போய் எர்த்துக் கால்ல சொருகி, எர்த்து ஒயரை லோடு கால்ல சொருகுனா, போட்ட மாத்திரத்துல ஷார்ட்டு. ஃபியூஸ் தன் உசுரக் குடுத்து உன்னைக் காப்பாத்துச்சு. அதுக்கு நீ செஞ்ச கருமாதிதான் அந்தத் தாளு. எடு மொதல்ல, ஒழுங்கா ஃபியூஸைப் போடு. ஃபியூஸ் எரியலீன்னா ஒயரு எரியும், ஒயரு எரிஞ்சா சீட்டு எரியும்.

மல்டிமீட்டர் கொண்டாந்திருக்கியா, கெட்டிக்காரன். ஃபேன் கனெக்டரை மறுபடி கழட்டி அதுல வெச்சுப் பாரு. 12 காட்டுதா? காட்டும். அதை நம்பித்தானே நீ நாலு நாளாத் தேடறே.

கெணத்துல மாடு கட்டிக் கவலை எறைச்சதை நீ பாத்ததில்லை. வடக்கயிறு இத்துப் போயிருந்தாலும் வெறுஞ்சாலோட தொங்கறப்பக் கம்பீரமாத்தான் தொங்கும். சாலு தண்ணிக்குள்ள போயி ரொம்பி, மாடு இழுக்க ஆரம்பிக்கறப்பத்தான் படக்குனு போகும். மீட்டரு வெறுஞ்சாலு. ஒத்தைக் கம்பி ஒட்டிக்கிட்டிருந்தாக்கூட 12னு சொல்லும். அதே கம்பில 10 ஆம்பியர் கேளு, கையை விரிச்சிரும்.

அந்தப் பழைய ஹெட்லைட் பல்பு ஒண்ணு மாடத்துல கெடக்குது, எடு. அது 55 வாட்டு, நாலரை ஆம்பியர் இழுக்கும், சால்ல பாதித் தண்ணி. கனெக்டரோட ரெண்டு ஒயருக்கும் நடுவுல குடு, சுவிட்சைப் போடு. எப்படி எரியுது? மின்மினியாட்டவா? பாத்தியா, 12 வோல்ட்டு எங்க போச்சு? இப்ப பல்போட ஒரு காலைக் கறுப்பு ஒயர்ல இருந்து எடுத்து, நேரா பேட்டரி மைனஸ்ல வை. ஆங்! கண்ணைக் கூசுதா?

அப்ப வர்ற கரண்டு நல்லாத்தான் வருது. திரும்பிப் போற வழிதான் இல்லை. வாய்க்கால்ல தண்ணி விட்டுட்டுக் கடைமடையை அடைச்சு வெச்சா எப்படி? எர்த்து, மாப்ளே, எர்த்து. கறுப்பு ஒயருதானன்னு ஒருத்தனும் அதைத் திரும்பிப் பாக்க மாட்டான். ஃபேனை மாட்டிச் சுவிட்சைப் போட்டு, கறுப்பு ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல இப்ப மீட்டரை வை. அரை வோல்ட்டுக்குள்ள இருக்கோணும். எவ்வளவு? பதினொண்ணா! அம்புட்டுக் கரண்டும் அந்தத் துருப்புடிச்ச எடத்துலயே நின்னு சீட்டாடுது.

பேட்டரித் தட்டைக் கழட்டு. அதுக்கு அடில, எடது பக்கம், தகட்டுல ஒரு ஸ்குரூ இருக்கும் பாரு. அதுதான். மேல டியூப் சுத்தியிருக்கும், சைக்கிள் டியூப்பு, சணல் போட்டுக் கட்டி. அறு. ஒயரு நுனில இருக்கற லக்கு பச்சை பூத்துக் கெடக்குதா? பேட்டரி ஆசிட் சொட்டிச் சொட்டி அப்படித்தான் ஆகும். போதாததுக்குப் பெயின்ட்டைச் சொரண்டாம அதுக்கு மேலயே ஸ்குரூவ முறுக்கியிருக்குது. உப்புத்தாள் வெச்சுத் தகடு வெள்ளையாத் தெரியற வரைக்கும் தேய், புது லக்குப் போடு, நட்டுப் போல்ட்டு வெச்சு முறுக்கு, மேல கிரீஸ் தடவு. அந்த எடத்துலயே வேண்டாம், ஆசிட் படாத எடமாப் பாத்து வை.

அப்பறம் புதுசா ஒரு தெர்மோ சுவிட்சு வாங்கிப் போட்டுரு. கைச்சுவிட்சைத் தூக்கிப் போட வேண்டாம், ரெண்டையும் ஒட்டுக்கா ரிலேக்குக் குடு, எது போட்டாலும் ஓடட்டும். மலை ஏறப் போறோம்னு முன்கூட்டியே போட்டுக்கலாம், வாஸ்தவம். ஆனா அதை மட்டும் நம்பாதே. அடுப்புல பாலை வெச்சுட்டுப் போன் நோண்டறவன் நீ. அதைக் கைச்சுவிட்சாவே விட்டுட்டது தப்புத்தான். ஒரு வாரத்துக்குன்னுதான் வெச்சது, வாத்தியாரு பழனிக்குப் போற அவசரம், கடையில சாமான் வரலை…

என்ன? எந்த வாத்தியாரா?

இல்லை, நீ வாங்குனது வாத்தியாருகிட்டன்னு நீதானே சொன்னே. சொல்லலையா? சொன்னியே. உங்கம்மா சொல்லியிருப்பா. அதை விடு. பாக்காமயே எடது பக்கம்னு எப்படிச் சொன்னேனா? அனுபவம் மாப்ளே. எல்லா எண்ணூறுலயும் அங்கதான்… சைக்கிள் டியூப்பா? அந்தக் காலத்துல எல்லாருந்தான் கட்டுவாங்க. என்ற பம்புசெட்டுப் பெட்டில அதே மாதிரிச் சணல் முடிச்சு இருக்குதுன்னா, அதுக்கு நான் என்ன பண்றது?

சுத்துதா ஃபேனு? சுத்துதுல்ல. அப்பறம் என்ன பேச்சு. கையைக் கழுவிட்டு வா, உங்கத்தை அரிசிம்பருப்பு ஆக்கிட்டா. போறப்ப அந்த டியூப்புத் துண்டை அங்கயே போட்டுட்டுப் போயிறாதே, இங்க குடு.