ஓட்டுப் போட்டால் பாடம் ஏறுமா?

கேள்வி: கல்லூரி வகுப்பில் செல்போனில் ஓட்டுப் போடச் சொல்லிப் பாடம் நடத்துகிறார்களாமே! இது படிப்பா, ரியாலிட்டி ஷோவா?

பதில்: ஷோவில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பார். இங்கே அதிக ஓட்டு வாங்கிய விடை டெபாசிட் இழப்பதும் உண்டு. லாரியும் காரும் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் பாதிக்கு மேல் லாரிக்குக் குத்தும். நியூட்டனோ இரண்டும் சமம் என்கிறார். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-ல் கொண்டுவந்த இந்த முறையின் சூட்சுமம் இதற்குப் பிறகுதான் வருகிறது. விடையைச் சொல்லாமல், பக்கத்து இருக்கைக்காரரோடு வாதாடவிட்டு, மறுபடி ஓட்டு எடுப்பார்.

கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் கட்சி மாறுகிறார்கள், அவ்வளவுதானே என்பீர்கள். கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பில் இதைச் சோதித்து 2009-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். விவாதம் முடிந்ததும் அதே கருத்தில் வேறொரு கேள்வி. தனியாகத்தான் பதில் சொல்ல வேண்டும். மாணவர்கள் அதிலும் தேறினார்கள். முதலில் யாருக்குமே விடை தெரியாத குழுக்கள்கூட முன்னேறின. இப்படி வாதாடவிட்டால் சிலபஸ் முடியாது என்பது நியாயமான கவலைதான். அதனால்தான் மசூர் பாடத்தை முன்கூட்டியே படித்துவரச் சொன்னார். (நம்மூரில் இதுதான் கஷ்டம்!) ஓட்டுப் போடும் கருவியை வருகைப்பதிவுக்கு மட்டும் பயன்படுத்தினால் விரல்தான் தேயும். ஆகவே நிர்வாகத்தினரே, ஓட்டு ரிமோட் வாங்க டெண்டர் விடுமுன், நாலு நல்ல கேள்வி தயாரிக்க ஆசிரியருக்கு நேரம் கொடுங்கள்.