கேஸ் தோங் வந்தாச்சு

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு குதிரைக் காலண்டர் தொங்குகிறது. மலேசியாவில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பெரிய பெரிய எண்கள், பள்ளி விடுமுறை, சீன மாதம், இஸ்லாமிய மாதம், பந்தயம் நடக்கும் நாளில் குட்டியாக ஒரு குதிரை. எங்கள் பரம்பரையில் குதிரை மேல் காசு கட்டியவர் யாருமில்லை. ஆனாலும் அந்தக் குதிரையைப் பார்த்துத்தான் பால் கணக்கு, டியூஷன் கட்டணம், காடியின் ரோட்டுவரி எல்லாம் ஓடுகின்றன.

அதில் என்னுடைய மூன்று மாத ஊசியின் தேதியையும் குறித்து வைக்க வேண்டியிருந்தது. கர்ப்பத் தடை ஊசி. இரண்டு பிள்ளைகள் போதும் என்று நானும் அவரும் முடிவெடுத்து வருடங்களாகிவிட்டன. முடிவெடுப்பது சுலபம். அதைச் சமையலறைச் சுவரில் எழுதுவதுதான் கஷ்டம். மாமியார் அங்கேதான் நாள் முழுக்க இருக்கிறார். ராகு காலம் பார்க்க ஒரு தரம், ஏகாதசி பார்க்க ஒரு தரம், சும்மா ஒரு தரம் என்று காலண்டரைப் படித்துக்கொண்டே இருப்பார். அங்கே போய் ‘ஊசி’ என்று எழுத முடியுமா? யோசித்து, 14ஆம் தேதிக் கட்டத்தில் ‘கேஸ்’ என்று எழுதினேன். இரகசியக் குறியீடு. உளவுத்துறையே தோற்கும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

என் புருஷன் பொறுப்பானவர். அதுதான் வினையாகிப்போனது.

14ஆம் தேதி காலை ‘கேஸ்’ என்பதைப் படித்தார். தோங் கடைக்கு, அதாவது கேஸ் சிலிண்டர் கடைக்கு, போன் போட்டார். பையன் மோட்டரில் 14 கிலோ தோங்கைக் கொண்டுவந்து ஸ்டோரில் இறக்கினான். இவர் காசு கொடுத்தார். கொடுத்த கையோடு சிவப்புப் பேனாவால் கட்டத்தில் ஒரு டிக் போட்டார். வீட்டு வேலையில் பங்கெடுத்த பெருமையோடு வேலைக்குப் போய்விட்டார்.

நான் அன்றைக்கு இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவள். புக்கிட் தெங்கா தொழிற்பேட்டையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற மூளைக்குச் சிவப்பு டிக் என்றால் ‘முடிந்தது’ என்று மட்டும்தான் அர்த்தம். ஊசி போட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன். போடாத ஊசி இடுப்பில் லேசாக வலித்ததாகக்கூட ஞாபகம்.

பதினோரு நாள் கழித்து, தோசைக்கல்லில் முதல் தோசை வேகும்போது அடுப்பு அணைந்தது.

“கேஸ் முடிஞ்சிடுச்சுங்க. தோங் சொல்லணும்.”

“ஸ்டோர்ல ஒண்ணு நிக்குதே! நீதானே காலண்டர்ல எழுதி வெச்ச? அன்னைக்கே வந்தாச்சு.”

தோசைக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. மாவு ஒரு பக்கம் வெந்து, மறு பக்கம் பச்சையாகக் கிடந்தது. என் நிலைமையும் அதேதான்.

கைப்பையைத் தேடி கிளினிக் அட்டையை எடுத்தேன். நான்காக மடித்து, ஓரம் நைந்து, பழைய பாசார் மாலாம் ரசீதோடு ஒட்டிக்கிடந்தது. அதில் நர்ஸ் மிஸ்ஸியின் கையெழுத்தில் 14 என்று தெளிவாக இருந்தது. விரல்விட்டு எண்ணினேன். எத்தனை தரம் எண்ணினாலும் பதினொன்றே வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு இவ்வளவு சரியாக வந்திருந்தால் நான் இந்நேரம் ஆக்கவுண்டன்ட்.

பதறியவள் செய்யக்கூடாததை எல்லாம் வரிசையாகச் செய்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் “என் தோழி ஒருத்திக்கு” என்று ஆரம்பித்தேன். உலகத்தில் எல்லாக் கோளாறும் தோழிகளுக்குத்தான் வரும். அக்கா கண்ணைச் சிமிட்டாமல், “உன் தோழிய அன்னாசி சாப்பிடச் சொல்லு, பப்பாளிக் காயும்” என்றார். அன்னாசி தின்றேன். நாக்கு புண்ணானதைத் தவிர வேறு எந்த மாற்றமும் இல்லை. பிறகு மருந்தகத்துக்குப் போய்ச் சோதனைக் குச்சி வாங்கினேன். அது மட்டும் வாங்கினால் காசாளர் பிள்ளை என்ன நினைக்கும் என்று பனடோல், இருமல் மருந்து, காதுக் குச்சி, எங்கள் வீட்டில் இல்லாத பூனைக்கு ஷாம்பு எல்லாம் சேர்த்து எடுத்துப் போனேன். அந்தப் பிள்ளை குச்சியைத்தான் முதலில் ஸ்கேன் செய்தது.

கடைசியில், முதல் நாளே போயிருக்க வேண்டிய இடத்துக்குப் போனேன். கிளினிக்.

மலாய்க்கார மிஸ்ஸி அட்டையைப் பார்த்தார், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அதுவும் குதிரைக் காலண்டர்தான். “லம்பாட்” என்றார். தாமதம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தோசை, தோங், டிக் எல்லாவற்றையும் என் மலாயில் விளக்க ஆரம்பித்தேன். அவர் பாதியில் கையை உயர்த்தினார். “காக், ரெண்டு வாரம்தானே? ஒண்ணும் ஆகாது. திரும்பி நில்லுங்க.” இரண்டே நிமிடம். மூன்று நாள் அன்னாசிக்கு நடுவில் இந்த இரண்டு நிமிடம் எனக்குத் தோன்றாமல் போனது.

பிறகு அவர் விளக்கினார். நானும் வீட்டுக்கு வந்து விடாமல் படித்தேன். பதறிய பின் படிப்பதுதானே நம் வழக்கம்.

இந்த ஊசி மருந்து உடம்பில் மெதுவாகக் கரைவது. கணக்கு மூன்று மாதம் என்றாலும் தேதி தாண்டிய மறுநாளே ஓடிவிடாது. நிறுத்திய பிறகும் பல பெண்களுக்குச் சினைமுட்டை வெளியாவது வழக்கத்துக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகிறது. அதனால்தான் அமெரிக்க வழிகாட்டி, கடைசி ஊசியிலிருந்து 15 வாரம் வரை வந்தால் கூடுதல் பாதுகாப்பு எதுவும் இல்லாமலே அடுத்ததைப் போடலாம் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் இன்னும் தாராளம்: மூன்று மாதத்துக்கு மேல் நான்கு வாரம் வரை. அதையும் தாண்டிவிட்டால் கதவை மூடிவிட மாட்டார்கள். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு போடுவார்கள். 7 நாளைக்கு ஆணுறை.

மாத்திரை இவ்வளவு பொறுமைசாலி இல்லை. ஊசிக்கு முன் நான் மாத்திரைக்காரிதான். இரவு ஒன்பது மணி என்று வைத்திருந்தேன். அந்த ஒன்பது மணி இரண்டு வாரம் நான் கொட்டாவி விடும் நேரம், அடுத்த இரண்டு வாரம் லைனில் நின்று சிப்பை உற்றுப் பார்க்கும் நேரம். மாதத்துக்கு ஒன்றாவது தவறும். தவறும் போதெல்லாம் பயந்தேனே தவிர, கணக்கு என்ன என்று கேட்டதில்லை.

கணக்கு இதுதான். சினைப்பையை ஒரு ஜாகா, அதாவது காவலாளி, என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஜாகா தூங்கினால்தான் நமக்கு நிம்மதி. அவரை அயர்ந்து தூங்கவைக்க ஏழு நாள் மாத்திரை வேண்டும். தூங்கிய பின் ஒரு நாள் தாலாட்டு விட்டுப்போனால் புரண்டு படுப்பார், எழுந்துகொள்ள மாட்டார். ஆகவே இரட்டை ஹார்மோன் மாத்திரையில் ஒன்று தவறினால், நினைவு வந்த கணமே அதைப் போட்டுக்கொண்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் போட்டால் போதும். ஒரே நாளில் இரண்டு விழுங்க நேர்ந்தாலும் பாதகமில்லை. இரண்டோ அதற்கு மேலோ தவறினால், கடைசியாக விட்டதை மட்டும் போட்டுவிட்டு அட்டையைத் தொடர வேண்டும். கூடவே 7 நாள் ஆணுறை. அட்டையின் கடைசி வாரத்தில் அப்படித் தவறினால் இடைவெளி வாரத்தை விட்டுவிட்டு நேரே புது அட்டைக்குப் போய்விட வேண்டும். ஏனென்றால் ஜாகா விழிப்பது அந்த இடைவெளியின் ஓரங்களில்தான். புது அட்டையை இரண்டு நாள் தாமதமாகத் தொடங்குவது, நடுவில் ஒன்றை விடுவதைவிட ஆபத்து.

தோலில் ஒட்டும் பட்டைக்கும், உள்ளே வைக்கும் வளையத்துக்கும் கெடு 48 மணி நேரம். அதற்குள் மாற்றிவிட்டால் கவலையில்லை. தாண்டினால் உடனே புதியதைப் போட்டுக்கொண்டு அதே 7 நாள் பாதுகாப்பு. பால் கொடுக்கும் தாய்மார் எடுக்கும் ஒற்றை ஹார்மோன் மாத்திரைதான் இந்தக் குடும்பத்தில் முன்கோபி. பழைய வகை என்றால் 3 மணி நேரம், டெசோஜெஸ்ட்ரல் வகை என்றால் 12 மணி நேரம்தான் பொறுக்கும்; தாண்டினால் 2 நாள் ஆணுறை. எதிலும், தாமதமான நாட்களில் பாதுகாப்பில்லாமல் சேர்ந்திருந்தால் அவசரத் தடுப்பு இருக்கிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரை 3 நாளுக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. யூலிப்ரிஸ்டல் மாத்திரையும் காப்பர் டீயும் 5 நாள் வரை. எது யாருக்குப் பொருந்தும் என்பதை மருந்தாளுநரோ மருத்துவரோ சொல்வார்.

இவ்வளவு விதிகள் ஏன் இருக்கின்றன? ஆளாளுக்கு மறக்கிறோம், அதனால்தான். கர்ப்பத் தடை மாத்திரையை அமெரிக்கா 1960இல் அனுமதித்தபோது அது சாதாரண மருந்துப் புட்டியில்தான் வந்தது. இல்லினாய் மாநிலத்தில் டேவிட் வாக்னர் என்று ஒரு பொறியாளர். நான்கு பிள்ளைகள். மனைவி மாத்திரை எடுக்கத் தொடங்கினார். “இன்னைக்குப் போட்டியா?” என்று இவர் கேட்க, அந்தம்மா எரிச்சல்பட, தினமும் வீட்டில் தகராறு. காகிதத்தில் கிழமைகளை எழுதி அதன் மேல் மாத்திரையை அடுக்கிப் பார்த்தார். அது கொட்டிப்போனது. பிறகு பிளாஸ்டிக் தகடு, இரு பக்கம் ஒட்டும் நாடா, துளைக்கும் கருவி என்று உட்கார்ந்து, கிழமை காட்டும் ஒரு வட்டப் பெட்டியைச் செய்தார். 1962இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1964இல் கிடைத்தது. இன்று உலகம் முழுக்க மாத்திரை அட்டையில் திங்கள், செவ்வாய் என்று அச்சடிக்கும் வழக்கம் இப்படி ஒரு புருஷன் பொண்டாட்டி சண்டையில் ஆரம்பித்ததுதான். அவரும் என்னவரைப் போலப் பொறுப்பானவர். அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. எங்களுக்கு ஒரு தோங் கிடைத்தது.

இந்தக் கதையை, கிளினிக் போய் வந்த அன்று இரவு, என்னவரிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மெதுவாக என்பது என் எண்ணம். சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

“ஏம்மா, ஊசிக்குப் போறத ‘ஊசி’ன்னே எழுதிட்டுப் போயேன். எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?”

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அன்னாசிப் புண் வேறு.

“தோட்டத்துல எங்களுக்கும் மாத்திரை குடுத்தாங்க. ஆஸ்பத்திரி டிரெசர் வீட்டுக்கு வீடு சொல்லிட்டுப் போவாரு. நான் மிலோ டின்னுக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தேன், என் மாமியா கண்ணுல படக்கூடாதுன்னு. திருவிழா சமயம் மூணு நாள் டின்னத் தொறக்கவே முடியல, வீடு பூரா ஆளு. அந்தம்மா வேற அடுப்படிய விட்டு நகரல.”

“அப்புறம்?” என்றேன்.

அத்தை பதில் சொல்லவில்லை. என் புருஷனை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்தார். அவர் தட்டில் இருந்த மூன்றாவது தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. அதிலும் தாமதம்தான்.

அத்தை சொன்னதை எண்ணிப் பார்த்தால் நாட்டுச் சரித்திரமே அதில் இருக்கிறது. மலேசிய அரசு தேசியக் குடும்பத் திட்ட வாரியத்தை 1966இல் தொடங்கி, பிள்ளைகளை அளவாகப் பெறச் சொன்னது. 1984இல் அதே அரசு, டாக்டர் மகாதீர் பிரதமராக இருந்தபோது, 2100க்குள் மக்கள்தொகை 7 கோடி ஆக வேண்டும் என்ற கொள்கையை வெளியிட்டது. வாரியத்தின் பெயர்ப்பலகையும் மாறியது; ‘குடும்பத் திட்டம்’ போய் ‘மக்கள்தொகை, குடும்ப மேம்பாடு’ வந்தது. அரசாங்கமே ஒரு மாத்திரையை விட்டுவிட்டது போல. ஆனால் பெண்கள் குதிரைக் காலண்டரைப் பார்த்துத் தங்கள் கணக்கைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். இன்று மலேசியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகூட இல்லை.

மருமகள் மாமியாருக்குப் பயந்து ஒளித்தாள். அந்த மாமியார் தன் மாமியாருக்குப் பயந்து ஒளித்தார். மிலோ டின்னிலிருந்து ‘கேஸ்’ வரைக்கும் இரண்டு தலைமுறை வந்திருக்கிறோம். தாமதத்துக்குப் பாதிக் காரணம் மறதி என்றால் மீதிக் காரணம் இந்த ஒளிப்புதான். தடுப்பூசித் தேதியை, பல் டாக்டர் தேதியைச் சுவரில் எழுதுகிற நாம் இதை மட்டும் தோங்குக்குள் அடைத்து வைக்கிறோம்.

ஆகவே அக்காமார்களே, தங்கச்சிமார்களே, தேதி தாண்டிவிட்டது என்று தெரிந்தால் அன்னாசிக் கடைக்குப் போகாதீர்கள். எத்தனை நாள், எத்தனை மணி என்று எண்ணி வைத்துக்கொண்டு, அன்றைக்கே கிளினிக்குக்கோ மருந்தாளுநரிடமோ போய் ‘தோழிக்கு’ என்று சொல்லாமல் ‘எனக்கு’ என்று சொல்லுங்கள். அவர்கள் தினமும் பத்துப் பேரின் தாமதத்தைப் பார்க்கிறவர்கள். அதுவரை ஆணுறை போதும்.

எங்கள் காலண்டரில் அடுத்த தேதிக் கட்டத்தில் இப்போது பெரிய எழுத்தில் ‘ஊசி’ என்று இருக்கிறது. எழுதியது அத்தை.