பார்த்தாலே ஏற்றுமதி

(வேலூரில் ஒரு வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை நிலையம். மெட்ராஸ் சேப்பர்ஸில் பாலம் கட்டியும் கண்ணிவெடி எடுத்தும் ஓய்வு பெற்ற சுபேதார், பேரனின் மார்க் ஷீட்டோடு வந்திருக்கிறார். எதிரே டை கட்டிய இளம் ஆலோசகர்.)

ஆலோசகர்: பையன் அமெரிக்கால ஏரோஸ்பேஸ் எம்.எஸ். முடிக்கட்டும் சார். ஏவுகணைக் கம்பெனிக்காரன் வீட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போவான்.

சுபேதார்: ஐடார்னு ஒரு சட்டம் இருக்காமே?

ஆலோசகர்: சும்மா ஃபார்மாலிட்டி சார்.

சுபேதார்: ஆயுத வரைபடத்தை அமெரிக்காவுக்குள்ளயே ஒரு வெளிநாட்டான்கிட்ட காட்டினாலும் அவன் நாட்டுக்கு ஏற்றுமதி பண்ணின கணக்காம். என் பேரன் பக்கத்து மேசையை எட்டிப் பார்த்தா, கப்பல் கிளம்பிடுச்சுன்னு அர்த்தமா?

ஆலோசகர்: கிரீன் கார்டு வந்துட்டா அந்தத் தடை இல்ல சார். நம்மாளுங்களுக்கு வரிசை கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். பையனுக்குச் சின்ன வயசுதானே.

சுபேதார்: ரகசிய வேலைன்னா கிரீன் கார்டும் பத்தாது, குடியுரிமையே வேணும்ங்கறாங்க.

ஆலோசகர்: வெர்னர் வான் பிரவுன் ஜெர்மன்காரர்தானே? 1955-லதான் குடியுரிமை வாங்கினார். அதுக்கு முன்னாலயே அமெரிக்க ராணுவத்துக்கு ரெட்ஸ்டோன் ஏவுகணை செஞ்சு குடுத்துட்டாரு!

சுபேதார்: அவருக்கு லண்டன் மேல விழுந்த வி-2 செஞ்ச முன் அனுபவம் இருந்துச்சு. இவன் தீபாவளி ராக்கெட்டைத் தாண்டல. எதிரிக்கு ஏவுகணை செய்யணும், சண்டையில தோக்கணும், சரியான ஆளா பார்த்து சரணடையணும். இந்த மூணுக்கும் உங்க பேக்கேஜ்ல கோச்சிங் உண்டா?

ஆலோசகர்: படிச்சு மேல வந்தவரும் இருக்காரு சார். சீனாக்காரர் சியான் சூசென். கால்டெக்ல படிச்சு, ஜெட் ப்ரொபல்ஷன் லேபை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். அந்த வான் பிரவுனையே விசாரிக்க அனுப்பின ஆள்!

சுபேதார்: அப்புறம்?

ஆலோசகர்: 1949-ல குடியுரிமைக்கு மனு போட்டார்.

சுபேதார்: அப்புறம்?

ஆலோசகர்: 1950-ல... கம்யூனிஸ்ட்னு சந்தேகப்பட்டு ரகசிய வேலைக்கான கிளியரன்ஸைப் பிடுங்கிட்டாங்க. அஞ்சு வருஷம் கண்காணிப்புல வெச்சிருந்து, 1955-ல சீனாவுக்கு அனுப்பிட்டாங்க.

சுபேதார்: எதிரிக்கு உழைச்சவரைக் குடிமகனாக்கின அதே வருஷம், தனக்கு உழைச்சவரை வெளியேத்தியிருக்கான்.

ஆலோசகர்: ஆனா சீனாவோட ஏவுகணைத் திட்டத்தையே அவர்தான் உருவாக்கினார். பாருங்க, கரியர்ல கேப்பே விழல!

சுபேதார்: வெளிநாட்டான் கதைன்னா எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. 1912-ல பெங்களூர்ல, எங்க படையில இருந்த கேப்டன் மெக்ளின்டாக் முள்கம்பி வேலியை உடைக்க ஒரு குழாய்க் குண்டு கண்டுபிடிச்சார். அவர் வெள்ளைக்காரர், இங்கே வெளிநாட்டான்னா அவர்தான். 1944-ல நார்மண்டிக் கரையில அமெரிக்கக்காரனும் அதை வெச்சுத்தான் வேலியை உடைச்சான். பேரே பெங்களூர் டார்பிடோ. குழாயை உள்ள விட்டவன், ஊர்க்காரனை வெளிய நிறுத்தறான். போகட்டும், இவன் கேட் தேர்வு எழுதி டி.ஆர்.டி.ஓ.வுக்கு முயற்சி பண்ணட்டுமே?

ஆலோசகர்: அதுக்கெல்லாம் நாங்க அட்மிஷன் போடறதில்ல சார். (கீபோர்டை இழுத்து) டேட்டா சயின்ஸ்னு மாத்திடவா? ஃபீஸ் அதேதான்.