தேயிலைத் தூரில் ஐந்து நட்சத்திரம்

கடைகளுக்கும் விடுதிகளுக்கும் வாடிக்கையாளர் இணையத்தில் இடும் மதிப்பீட்டை, அதாவது ஒன்று முதல் ஐந்து வரையிலான நட்சத்திரங்களையும் அவற்றின்கீழ் எழுதப்படும் நாலு வரியையும், நம்பலாமா என்னும் வினா கைப்பேசியோடு பிறந்தது எனக் கருதுவோர் இலங்கை மலையக வரலாற்றைப் புரட்டிப் பாராதவர் ஆவர். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று, தமிழகக் கிராமங்களில் ஆள் பிடிக்கச் சென்ற கங்காணிகள் சொன்னதாகத் தோட்டங்களில் வழிவழியாக வழங்கும் செய்தியே இத்துறையின் மூலபாடம். மாசி என்பது மாலைதீவிலிருந்து வரும் உலர்ந்த மீன். இரத்தினபுரி மண்ணைத் தோண்டியவருக்கு மாணிக்கக்கல் கிடைத்ததுண்டு, மாசி கிடைத்ததில்லை. தன் கணக்கில் வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் கங்காணி பெற்ற தொகை தலைக்காசு எனப்பட்டது. ஆகவே புகழ்ந்தவருக்குப் புகழ்ச்சியால் வரும்படி இருந்ததா என்று முதலில் கேட்பதே ஆய்வு முறைமையாகும்.

இம்முறைமையைக் கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலவுக்குப் பொருத்தலாம். களனி கங்கையில் படகு விடும் அவ்வூரில், 1957இல் வெளியான 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்துக்காக ஒரு பாலத்தையே கட்டி வெடிவைத்துத் தகர்த்தனர் என்பதால், இல்லாததை இருப்பதாகக் காட்டும் கலை அங்கு புதிதன்று. ஈரம் சொட்டக் கரையேறும் பயணியிடம் வழிகாட்டி சிரித்த முகத்தோடு ஐந்து நட்சத்திரம் கேட்பது உலகெங்கும் உள்ள சுற்றுலா வழக்கம். அந்நிலையில் இடப்படும் நட்சத்திரம் உயிரோடு கரை சேர்ந்தமைக்கா, சேவைக்கா என்பது பிரித்தறியக் கூடியதன்று. இலண்டனிலோ 2017இல் ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையை உணவகமெனப் பதிந்து, நண்பர்களின் பொய்ப் புகழுரைகளாலேயே டிரிப்அட்வைசர் தளத்தில் நகரின் முதலிடத்துக்கு ஏற்றினார். அதுவரை அங்கு ஒருவருக்கும் ஒரு வாய் சோறு போட்டதில்லை. இந்தியா 2022இல் இதற்கென ஒரு தரநிர்ணயம் வெளியிட்டது, அமெரிக்கா 2024இல் பொய் மதிப்பீட்டுக்குத் தடை விதித்தது. கங்காணிக்கு அத்தகைய தொல்லை ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

வசை வேறு வகையினது. 1988இல் உலக மரபுரிமையான சிங்கராஜ வனத்துக்குப் போய், அட்டை கடித்தது, மழை விடவில்லை என்று ஒற்றை நட்சத்திரம் இடுபவர், மழைக்காட்டில் மழை பெய்ததைக் குற்றமாக்கினாலும், அட்டையைக் குறை கூற அவருக்கு எவரும் காசு கொடுத்திரார் ஆதலின் முற்றிலும் நம்பத்தக்கவர். அவருடைய நட்சத்திரத்தைத் தள்ளிவிட்டு, காலில் சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டு புறப்படுவதே அறிவுடைமை. பக்கத்துக் கடைக்காரர் எழுதும் வசை இவ்விதிக்குள் அடங்காது.

எஞ்சியிருப்பது லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின், ஓரத்தில் எந்த வரைபடத்திலும் ஏறாமல் இருக்கும் வடைக்கடை. கடன் கொப்பியில், அதாவது கடைக்காரர் பற்று எழுதும் ஏட்டில், பெயர் உள்ளவரை எவரும் வடையின் ஊசலைப் பற்றி வாய் திறப்பதில்லையாதலால், அங்கு நடுநிலைக் கருத்து சம்பள நாளன்று மாலை, கணக்கைத் தீர்த்துவிட்டு இஸ்தோப்பில், அதாவது லயத்து முன்திண்ணையில், உட்காரும்போது மட்டுமே வெளிப்படும். மறுநாள் காலையிலேயே புதிய பற்று தொடங்கிவிடுமாகையால், கள ஆய்வாளர் அந்த மாலையைத் தவறவிடலாகாது.