ஈரப் படலம்: ஷிஃப்ட் ஊழியரும் எண்ணெய் வண்ணமும்

ஆலை வேலைக்குப் போய்க்கொண்டே ஓவியம் தீட்டுவோரிடம் உலகம் கேட்பது ஒன்றுதான்: 'நேரம் எப்படிக் கிடைக்கிறது?' கேள்வியே பிழை என்பது இவ்வாய்வின் துணிபு. ஓவியனுக்கு வேண்டுவது தீட்டும் நேரமன்று, தீட்டாதிருக்கும் நேரம். அதை அளிப்பதில் தொழிற்சாலைக்கு நிகரான புரவலர் இல்லை.

சான்று வருமாறு. எண்ணெய் வண்ணம் நீர் வற்றிக் காய்வதன்று. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுவது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே நாட்கள் ஆகும்; வார்னிஷ் அடிக்க மாதங்கள். அதுவரை முழுநேர ஓவியனின் கை சும்மா இருக்குமா? ஈர நீலத்தின் மேல் மஞ்சளை இழுப்பான்; வானம் சேறாகும். ஷிஃப்ட் ஊழியனோ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடியாக வேண்டும். வானம் பிழைக்கும்.

அற்றேல் பிற வண்ணங்கள் எவர்க்குரியன எனின், நிமிடங்களில் காயும் நீர்வண்ணம் சாப்பாட்டு இடைவேளைக்குரியது. அக்ரிலிக் ஜெனரல் ஷிஃப்டுக்கு. நைட் ஷிஃப்டுக்கு எண்ணெய் வண்ணமே. விடிந்ததும் தூக்கக் கலக்கத்தில் தீட்டியதை, தூங்கி எழுந்தபின் தெளிந்த கண்ணோடு துணியால் வழித்துவிடலாம் அன்றோ!

ஆலைத் தெருக்களையும் புகைபோக்கிகளையும் வரைந்து புகழ்பெற்ற மான்செஸ்டர் ஓவியர் எல். எஸ். லௌரி, 1910 முதல் 1952 வரை ஒரே கம்பெனியில் வாடகை வசூலித்து, 65 வயதில் ஓய்வு பெற்றவர். பகலில் வசூல், இரவில் தூரிகை. கையாண்டவை ஐந்தே வண்ணங்கள். வெள்ளை பூசிய பலகையொன்றை ஆண்டுக்கணக்கில் மூடிவைத்து, நிறம் எப்படிப் பழுக்கிறது என்று பார்த்தார். மாதச் சம்பளக்காரருக்கன்றி எவருக்கு இப்பொறுமை வாய்க்கும்? 'ஞாயிற்றுக்கிழமை ஓவியர்' என்ற பெயர் ஒட்டிவிடும் என்றஞ்சி, வேலை பார்ப்பதை வெளியே சொல்லாமல் மறைத்தார். (நம்மூரில் மறைப்பது ஓவியத்தை. சூப்பர்வைசர் காதுக்கு எட்டினால் ஆயுத பூஜை பேனர் முழுவதும் நம் தலையில் விழும்.)

வடகிழக்கு இங்கிலாந்தின் ஆஷிங்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் சிலர் 1934இல் கலையை ரசிக்கக் கற்க மாலை வகுப்பு சேர்ந்தனர். ஆசிரியர் ராபர்ட் லயன், படங்களைக் காட்டி விளக்கிப் பயனில்லை என்று கண்டு, அவர்களையே வரையவிட்டார். சுவருக்கு அடிக்கும் வால்பமூர் பெயின்டிலும் தீட்டினர், சுரங்கத்தையும் விடவில்லை. அந்தப் பெயின்ட் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பது எம் கொள்கைக்குச் சற்று இடைஞ்சல். ஆகவே விரைந்து கடப்போம்.

வேலையை உதறினால்தான் கலை என்பாரும் உளர். அவர் காட்டுவது, பங்குச்சந்தை வேலையிலிருந்து ஓவியத்துக்கு வந்த கோகானை. பாரிஸ் பங்குச்சந்தை 1882இல் சரிந்தது. அதன் பின்னரே அவர் ஓவியமே தொழில் என்றானார். அவர் சந்தையை விட்டாரா, சந்தை அவரை விட்டதா என்பதை எதிர்த்தரப்பார் முதலில் விளக்குக.

எஞ்சி நிற்பது, ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஈரக் கேன்வாஸை எங்கே வைப்பது என்பது. பீரோவின் மேல் பல்லி. கட்டிலின் கீழ் தூசி. மொட்டைமாடி வெயிலில் வடாமுக்கே முன்னுரிமை என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. மேல்முறையீடு நிலுவையில் உள்ளது.