மருமகன் ஆபீசராப் போறாரு!

வாய்யா மருமகனே, உக்காரு. கோயமுத்தூர் கம்பெனியத் தாங்கிப் புடிச்சது பத்தாதுன்னு பரீட்சை எழுதி அரசாங்க ஆபீசுக்குப் போறியாமே? மூணே மாசத்துல அதையும் கம்பெனி மாதிரி ஆக்கிப்புடுறேன்னு உங்காத்தாகிட்டச் சவடால் விட்டியாமே? நல்லா ஆக்கு. போறதுக்கு முன்னாடி இந்தக் குரங்கணிக் கெழவன் சொல்றத ஒரு காதுல வாங்கிக்க. வெளிய விடத்தான் இன்னொரு காது இருக்கே.

அந்தா மேல டாப் ஸ்டேஷன். பேருக்கு ஸ்டேஷன் இல்ல, நெசமாவே ரயிலு வந்த இடம். 1908-ல தேயிலைக் கம்பெனிக்காரன் மூணாறுல இருந்து சின்னத் தண்டவாளம் போட்டுத் தேயிலையக் கொண்டாந்தான். அங்கிருந்து ரோப்வேயில இந்தக் கொட்டகுடிப் பக்கம் எறக்கி, மாட்டு வண்டியில போடிக்கு ஏத்துனான். 1924 வெள்ளத்துல தண்டவாளம் அடிச்சுட்டுப் போச்சு. கம்பெனி கணக்கப் பாத்துச்சு. ரயிலை மறுபடி போடல. அம்புட்டுத்தான். அவன் வாசல்ல எவனும் போயி மறியல் பண்ணுனதா நான் கேள்விப்படல.

இப்பப் போடி ரயிலப் பாரு. 1928-ல மதுரையில இருந்து வந்துச்சு. ரெண்டாம் உலகப்போருல தண்டவாளத்தையே பேத்துக்கிட்டுப் போனாய்ங்க. சுதந்திரத்துக்குப் பெறகு திரும்பப் போட்டாய்ங்க. அகலப்பாதை ஆக்குறோம்னு 2010 கடைசியில நிப்பாட்டுனாய்ங்க. தேனிக்கு வந்தது 2022 மே, போடிக்கு 2023 ஜூன். 90 கிலோமீட்டருக்குப் பன்னெண்டரை வருசம்! ரயிலு நின்னப்போ பொறந்த புள்ள ஏழாங்கிளாசுக்குப் போயிருச்சு. உன் கம்பெனியா இருந்தா நாலு மேனேஜர வீட்டுக்கு அனுப்பியிருப்பான். சரிதான். ஆனா உன் கம்பெனியா இருந்தா ரயிலே திரும்பி வந்திருக்காது, அதையும் சேத்துச் சொல்லு. ஓட்டல்காரன் 'சாப்பாடு தீர்ந்தது'ன்னு போர்டு மாட்டலாம். கல்யாணப் பந்தியில எவனாவது மாட்டுவானா?

அரசாங்க ஆபீசுல போயி உக்காந்ததும் உனக்குத் தெரியும் பாரு. கம்பெனியில ஒரு போன் போட்டா மறுநாள் சாமான் வந்து எறங்கும். அங்க 1998-ல போட்ட டெண்டர் சட்டம் இருக்கு. உன் மச்சான் கடையில வாங்கிப்புட்டு நல்ல சரக்குதானேன்னு நீ சொன்னா, ஆடிட்காரர் சரக்கப் பாக்க மாட்டாரு, மச்சானத்தான் பாப்பாரு. மிச்சம் புடிச்சா முதலாளி போனஸ் குடுப்பான். அங்க மிச்சம் புடிச்ச பணத்த மார்ச் 31-ல திருப்பிக் கட்டிப்புட்டு, "செலவழிக்கத் தெரியாத ஆபீசர்"னு பேரும் வாங்கிக்குவ. கோவத்துல யாரையாச்சும் வேலைய விட்டுத் தூக்கலாம்னு மட்டும் நெனைக்காத. அரசியல் சட்டம் 311-ன்னு ஒண்ணு இருக்கு, விசாரணை இல்லாமத் தூக்க முடியாது. உன் ஆபீஸ் பியூனுக்கு அந்த நம்பரு மனப்பாடமா இருக்கும், கேட்டுப் பாரு.

ஒண்ணுல மட்டும் எனக்கு நையாண்டி வராது. 2018 மார்ச் 11-ல இந்த மலையில தீப்புடிச்சு 23 உசுரு போச்சு. மலையேற வந்தவுகளக் கூட்டிட்டு வந்தது தனியார் ஆளுக. ஆனா ஊரு முதல்ல கேட்டது, "பாரஸ்ட்டுக்காரர் எங்க இருந்தாரு?" அதுக்கப்புறந்தான் மலையேறுறதுக்குன்னு விதி போட்டாய்ங்க. இப்ப அரசாங்கமே ஆன்லைன்ல பதிஞ்சு, ஆளு தொணைக்கு அனுப்பி, காசு வாங்கிக்கிட்டுக் கூட்டிட்டுப் போகுது. நம்ம குரங்கணிப் பாதையும் அதுல உண்டு. லாபத்தையும் பாக்கணும், பழியையும் சொமக்கணும்னா அந்த நாற்காலி எப்படி இருக்கும்னு யோசிச்சுக்க.

இம்புட்டும் சொல்லிட்டு உன்னையச் சும்மா விடுவேன்னு நெனைக்காத. பொறுமையா இருன்னுதான் சொன்னேன், தூங்குன்னு சொல்லல. சட்டத்தக் காட்டித் தூங்குறதுக்கு அங்கன ஏற்கெனவே ஆளு நெறைய இருக்கு, புதுசா நீ வேண்டாம். எங்க தெருவிளக்கு என்னாச்சுன்னு பத்து ரூவா ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனு எழுதி வச்சிருக்கேன். நீ சேர்ற அன்னிக்கே உன் மேசைக்கு வரும். 30 நாளுக்குள்ள பதில் வரலேன்னா அப்பீல் போடுவேன், மருமகன்னு பாக்க மாட்டேன் ஆமா.